அத்தியாயம் 7: கார் எதைப் பார்க்கிறது? – கோணம், லென்ஸ், வெளிச்சம்

டிங்கரிங் பட்டறையில் கைதேர்ந்த மேஸ்திரி கதவில் ஒடுக்கு தேடுவதைக் கவனித்துப் பாருங்கள். கதவுக்கு நேரே நின்று பார்க்க மாட்டார். வண்டியின் ஓரமாகக் குனிந்து, கூரையில் எரியும் டியூப்லைட்டின் பிம்பம் கதவில் எப்படி ஓடுகிறது என்று பார்ப்பார். நேராக ஓடும் வெள்ளைக் கோடு ஓரிடத்தில் நெளிந்தால் ஒடுக்கு அங்கேதான் இருக்கும். கார் தொழிற்சாலைகளிலும் பெயின்ட் முடிந்த வண்டியை வரிசையாக விளக்கு பொருத்திய கூடத்தில் நிறுத்தி இதே முறையில்தான் சோதிக்கிறார்கள். காரின் வடிவத்தை நம் கண்ணுக்குக் காட்டிக்கொடுப்பது அதன்மேல் விழும் பிம்பம்.

கார் படம் எடுப்பவருக்கும் இதுவே முதல் பாடம். மனித முகத்திலோ சுண்ணாம்புச் சுவரிலோ படும் வெளிச்சம் எல்லாப் பக்கமும் சிதறிவிடும். காரின் பெயின்ட்டுக்கு மேலோ கிளியர் கோட் என்ற பளபளப்பான பூச்சு இருக்கிறது. எதிரே இருப்பதை அது அப்படியே திருப்பிக் காட்டும். வானம், மரம், மின்கம்பம், எதிர்வீட்டு மாடி, கேமராவுடன் நிற்கும் நீங்கள் என எல்லாமே கதவில் தெரியும். அதனால் எந்தக் கோணம், எந்த லென்ஸ், எந்த நேரம் என்ற மூன்றும் ஒரே கேள்வியில் வந்து முடிகின்றன: இந்தக் காரில் எது பிரதிபலிக்க வேண்டும்? இதற்கு விடை தெரிந்தவர் மொபைலிலும் நல்ல படம் எடுப்பார்.

கேரம் போர்டு விதி

கேரம் ஆடியவர்களுக்கு இது உடனே பிடிபடும். ஸ்ட்ரைக்கர் பட்டையில் எந்தச் சாய்வில் மோதுகிறதோ, அதே சாய்வில் மறுபக்கம் திரும்பும். கேமராவின் பார்வையும் கார்க் கதவில் பட்டு அப்படித்தான் திரும்புகிறது.

காரின் இடப்பக்கத்துக்கு நேரெதிரே நடுவில் நின்றால், கதவில் தெரிவது உங்கள் முதுகுக்குப் பின்னால் இருப்பது. முன் இடது மூலைக்கு எதிரே 45 டிகிரியில் நின்றால் கணக்கு மாறிவிடும். இடப்பக்கக் கதவுகளில் இப்போது தெரிவது பின் இடது மூலைக்கு அப்பால் இருப்பவை. கிரில், பம்பர் உள்ள முகப்பில் தெரிவது முன் வலது மூலைக்கு அப்பால் இருப்பவை. பலர் தங்கள் முதுகுப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு இடம் சுத்தமாக இருக்கிறது என்று முடிவுகட்டிவிடுவார்கள். கதவில் தெரியும் குப்பைத் தொட்டியோ டிக்கிப் பக்கம் இருபது அடி தள்ளி இருக்கும்.

உயரத்துக்கும் இதே விதிதான். நின்றபடி கேமராவைத் தாழ்த்திப் பார்த்தால் கதவில் தரைதான் அதிகம் தெரியும்: தார், சரளை, பேவர் கல். முழங்காலிட்டுப் பார்த்தால் தரை இறங்கி வானம் ஏறும்.

இன்னொன்றையும் பக்கத்தில் போய்ப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் பக்கவாட்டின் மேல்பாதி சற்றே வானத்தை நோக்கிச் சாய்ந்திருக்கும். கீழ்ப்பாதி தரையை நோக்கி உள்வாங்கியிருக்கும். மேலே வானம், கீழே தரை, இரண்டும் சந்திக்கும் இடத்தில் கதவின் நீளத்துக்கு ஒரு கோடு. அதுதான் அடிவானத்தின் பிம்பம். அந்தக் கோடு முன் வீலிலிருந்து பின் வீல் வரை உடையாமல் ஓடினால் காரின் உடல்வாகு எடுப்பாகத் தெரியும். நடுவில் நான்கு மின்கம்பமும் ஒரு டீக்கடையும் குறுக்கிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கேமராவாலும் அந்தப் படத்தைத் தூக்கி நிறுத்த முடியாது.

படம் எடுக்கும் முன் இதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். காரின் கதவோரம் போய், கதவுக்கு முதுகைக் காட்டி நின்று, அது பார்க்கும் திசை முழுவதையும் ஒருமுறை பாருங்கள். பிறகு கேமராவை எடுங்கள்.

இடம்: பின்னணிக்கு முன் எதிரணி

இடம் தேடும்போது எல்லோரும் காருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கிறார்கள். அது பாதி வேலைதான். கார் பார்க்கும் பக்கம் திறந்தவெளியாக இருப்பது அதைவிட முக்கியம். மரக்காணத்தையும் தூத்துக்குடியையும் ஒட்டிய உப்பளப் பகுதிகள், தண்ணீர் வற்றிய ஏரியின் கரை, விடுமுறை நாளில் காலியாக இருக்கும் பள்ளி மைதானம், பல அடுக்கு பார்க்கிங்கின் மொட்டை மாடி ஆகியவை நல்ல இடங்கள். எல்லாவற்றிலும் அடிவானம் தாழ்வாகவும் ஒழுங்காகவும் இருக்கும்.

திறந்தவெளி கிடைக்காவிட்டால் நீளமான, ஒரே நிறத்தில் வெள்ளையடித்த காம்பவுண்டுச் சுவர் போதும். அது கதவில் ஒரே சீரான பட்டையாக விழும். சினிமா போஸ்டர் ஒட்டிய சுவர் ஆகாது.

தனியார் இடமானால் உரிமையாளரிடமும், பொது இடமானால் பொறுப்பில் இருப்பவரிடமும் அனுமதி வாங்கிவிடுங்கள். வண்டி ஓடும் சாலையிலோ நெடுஞ்சாலை ஓரத்திலோ ட்ரைபாடை நிறுத்தவே கூடாது. வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்தவருக்குப் பின்னால் வரும் லாரி தெரியாது.

மழை பெய்து ஓய்ந்த தரை கிடைத்தால் விடாதீர்கள். ஈரமான தார் கருத்துவிடும். காரின் கீழ்ப்பாதியில் விழும் தரையின் பிம்பமும் ஒரே சீராகக் கருத்துவிடும். சினிமாப் படப்பிடிப்பில் சாலையை நனைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டு குடம் தண்ணீரால் காரைச் சுற்றியுள்ள புழுதித் தரையை நனைத்தால்கூட வித்தியாசம் தெரியும்.

கோணங்கள்

முன் முக்கால் கோணம். விளம்பரங்களில் அதிகம் பார்ப்பது இதுதான். முகப்பும் ஒரு பக்கவாட்டும் சேர்ந்து தெரியும். படத்தில் காரின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு முகப்பும் இரண்டு பங்கு பக்கவாட்டும் வருமாறு நின்று தொடங்குங்கள். முகப்பு அழகான கார் என்றால் இன்னும் கொஞ்சம் முன்னால் நகரலாம். கேமரா ஹெட்லைட் உயரத்தில் இருக்கட்டும். ஹேட்ச்பேக், செடான் வண்டிகளுக்கு 60 முதல் 80 செ.மீ., எஸ்.யு.வி.க்கு 90 செ.மீ. வரை. நின்ற உயரத்தில் எடுத்தால் கார் பொம்மையாகிவிடும். தரையோடு தரையாக வைத்தால் பம்பரின் அடிப்பக்கமும் டயரும்தான் பெரிதாகத் தெரியும்.

இந்தக் கோணத்தில் ஸ்டியரிங்கைக் கேமராவுக்கு எதிர்த்திசையில் திருப்பி வையுங்கள். நீங்கள் முன் இடது மூலையில் நின்றால் ஸ்டியரிங் வலப்பக்கம் திரும்ப வேண்டும். அப்போதுதான் அலாய் வீலின் முகம் உங்களைப் பார்க்கும். மாற்றித் திருப்பினால் டயரின் பட்டன்தான் தெரியும்.

பக்கவாட்டுக் கோணம். முன் கதவும் பின் கதவும் சேரும் தூணுக்கு நேரெதிரே நில்லுங்கள். சரியாக நிற்கிறீர்களா என்று அறிய இரண்டு வீலையும் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு வட்டமாக இருக்க வேண்டும். இந்தியாவில் 4 மீட்டருக்கு உட்பட்ட கார்களுக்கு வரி குறைவு என்பதால் பல மாடல்கள் 3,995 மி.மீ. நீளத்தில் வருகின்றன. அவற்றில் செடான் வகைகளுக்குப் பின்பகுதி குட்டையாக இருக்கும். பக்கவாட்டுப் படம் அதை வெளிச்சம் போட்டுக் காட்டிவிடும் என்பதால் அவற்றுக்கு முக்கால் கோணமே பொருத்தம். 4.3 மீட்டர் நீளமுள்ள அம்பாசிடருக்கோ பக்கவாட்டுதான் கம்பீரம். வட்டமான முன் மட்கார்டு, உயர்ந்த கூரை, சரிந்து இறங்கும் டிக்கி என்று அதன் வடிவம் முழுமையாகத் தெரிவது அங்கேதான்.

நேர்முகப்பு. தள்ளிநின்று, தாழ்வாக, லோகோவுக்கு நேர் நடுவில் நின்று எடுப்பது. இரண்டு பக்கக் கண்ணாடிகளும் கார் உடலிலிருந்து ஒரே அளவு நீட்டிக்கொண்டிருந்தால் நடுவில் நிற்கிறீர்கள் என்று அர்த்தம். பின் முக்கால் கோணத்துக்கு முன் முக்கால் விதிகளே போதும்.

மேலிருந்து. மாடியிலிருந்தோ உறுதியான ஏணியிலிருந்தோ எடுத்தால் பானெட்டும் கூரையும் வானத்தை மட்டும் பார்க்கும். மேகமூட்டமான நாளில் இது அற்புதமான கோணம். நண்பகல் வெயிலில் பானெட்டில் சூரியனே ஒரு வெள்ளைப் பொத்தலாக விழும்.

எந்தக் கோணமானாலும் கடைசியாகக் கூரையின் விளிம்பைக் கண்ணால் ஒருமுறை வருடிவிடுங்கள். கூரையிலிருந்து கம்பம் முளைத்திருக்கக் கூடாது. பின்னணியின் அடிவானம் கூரைக்கோட்டோடு ஒட்டியும் போகக் கூடாது. ஒரு சாண் மேலே அல்லது கீழே விலகினால் போதும்.

லென்ஸ்: நின்ற தூரம்தான் வடிவத்தைத் தீர்மானிக்கிறது

வைட் லென்ஸில் எடுத்தால் காரின் மூக்கு வீங்கிவிடுகிறது என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் அதைச் செய்வது லென்ஸ் இல்லை, நீங்கள் நிற்கும் தூரம். வைட் லென்ஸ் நம்மைக் கிட்டத்தில் நிற்க வைக்கிறது, அவ்வளவுதான்.

4 மீட்டர் காருக்கு இருபுறமும் கொஞ்சம் இடம் விட்டு 5 மீட்டர் அகலத்தைப் படத்தில் அடக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 24 மி.மீ. லென்ஸுக்குச் சுமார் 3.3 மீட்டர் தூரத்தில் நிற்க வேண்டும். 50 மி.மீ.க்கு 7 மீட்டர், 100 மி.மீ.க்கு 14 மீட்டர்.

இப்போது முக்கால் கோணத்தில் நிற்பதாகக் கொள்ளுங்கள். முன் ஹெட்லைட் காரின் நடுவைவிட ஒன்றரை மீட்டர் கிட்டத்திலும், பின்பகுதி ஒன்றரை மீட்டர் தள்ளியும் இருக்கும். 3.3 மீட்டரில் நின்றால் ஹெட்லைட் 1.8 மீட்டரிலும் பின்பகுதி 4.8 மீட்டரிலும் இருக்கின்றன. முன்பகுதி பின்பகுதியைவிட இரண்டரை மடங்குக்கு மேல் பெரிதாகத் தெரியும். 14 மீட்டரில் நின்றால் அந்த வித்தியாசம் கால் மடங்குக்குள் அடங்கிவிடும். கார் வடிவமைப்பாளர் வரைந்த அளவுகள் அளவுகளாகவே தெரியும்.

தள்ளி நிற்பதில் இன்னொரு லாபம் இருக்கிறது. 24 மி.மீ. லென்ஸ் பக்கவாட்டில் ஏறக்குறைய 74 டிகிரி பார்க்கிறது, 100 மி.மீ. 20 டிகிரிதான். கதவில் பட்டுத் திரும்பும் பார்வையும் அந்த அளவுக்கே விரிகிறது. கிட்டத்தில் வைட் லென்ஸோடு நின்றால் பாதித் தெருவே கதவில் வந்து உட்காரும். தள்ளிநின்றால் ஒரு சின்னப் பகுதி சுத்தமாக இருந்தாலே போதும். கதவில் விழும் உங்கள் உருவமும் சிறுத்துவிடும். வெளிர்நிறச் சட்டையைத் தவிர்த்துக் கருப்பு அணிந்து போனால் அதுவும் மறையும்.

ஆகவே முழுக் காருக்கு 85 முதல் 135 மி.மீ. வரை வசதியானது. 70–200 லென்ஸ் இருந்தால் வேறு எதுவும் தேவையில்லை. விலை குறைந்த க்ராப் சென்சார் கேமராவோடு வரும் 18–55 கிட் லென்ஸை யாரும் தாழ்வாக நினைக்க வேண்டாம். அதன் 55 மி.மீ. முனை ஃபுல் ஃப்ரேம் கணக்கில் சுமார் 82 மி.மீ. ஜூமை முழுக்கத் தள்ளி வைத்துவிட்டு, 12 மீட்டர் பின்னால் நடங்கள். மொபைலின் முக்கிய கேமரா பொதுவாக 24 முதல் 26 மி.மீ.க்குச் சமம். அதை 2x அல்லது 3x-இல் வைத்துப் பின்னால் போங்கள்.

வைட் லென்ஸுக்கும் வேலை உண்டு. காரை மலைப்பாதையிலோ கடற்கரையிலோ சிறிதாக வைத்து இடத்தைப் பெரிதாகக் காட்டும்போது தாராளமாகப் பயன்படுத்துங்கள். கார் படத்தின் ஓரத்துக்குப் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அப்பர்ச்சர் எஃப்/8-இல் இருக்கட்டும். 14 மீட்டர் தூரத்தில் 100 மி.மீ. லென்ஸில் அது காரின் மூக்கு முதல் வால் வரை தெளிவாகத் தரும். கிட்டத்து ஹெட்லைட்டில் ஃபோக்கஸ் வையுங்கள்.

வெளிச்சம்: சூரியன் போன பிறகு வரும் நேரம்

கார் விளம்பர ஸ்டூடியோக்களில் காரைவிட நீளமான வெள்ளைத் துணிச் சட்டத்தைத் தலைக்கு மேல் தொங்கவிட்டு, அதில் விளக்கடித்து எடுப்பார்கள். காரின் மேற்பரப்பு முழுவதும் அந்த ஒரே வெள்ளையை மட்டும் பார்க்கும். அதே வெளிச்சத்தை வானம் தினமும் இருமுறை இலவசமாகத் தருகிறது: சூரியன் உதிப்பதற்கு முந்தைய இருபது நிமிடம், மறைந்த பிறகு வரும் இருபது நிமிடம்.

அஸ்தமனத்துக்கு முந்தைய பொன்வெயிலையே பலரும் பெரிதாகப் பேசுகிறார்கள். அது நல்ல வெளிச்சம்தான். ஆனாலும் அப்போது கதவில் சூரியன் ஒரு புள்ளியாகவும், உங்கள் நிழல் தரையில் நீளமாகவும் விழும். சூரியன் இறங்கியதும் மேற்கு வானம் முழுவதுமே விளக்காகிவிடும். அடிவானத்தில் வெளிச்சம் கூடி மேலே போகப் போக மங்கும். அந்த மாற்றம் கதவில் அப்படியே இறங்கும்போது ஒவ்வொரு மடிப்பும் தனித்தனியாகத் துலங்கும். உங்கள் கதவு பார்க்கும் திசை மேற்காக இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. பக்கவாட்டுப் படத்துக்கு மேற்கு உங்கள் முதுகுப் பக்கம். முன் முக்கால் கோணத்துக்கு, கேரம் விதிப்படி, மேற்கு டிக்கியின் ஓரப் பக்கம்.

நம் ஊரில் இந்த நேரம் சீக்கிரம் கரைந்துவிடும். பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாக இறங்குகிறது. ஐரோப்பியக் காணொளிகளில் பார்க்கும் நீண்ட அந்தி இங்கே கிடையாது. சென்னையில் நவம்பர் கடைசியில் 5:40 வாக்கிலும், ஜூலை தொடக்கத்தில் 6:40 வாக்கிலும் சூரியன் மறைகிறது. அதற்குள் கார் நின்ற இடத்தில் நின்று, ட்ரைபாடும் தயாராகியிருக்க வேண்டும்.

கிழக்குக் கடற்கரை ஊர்க்காரர்களுக்கு விடியல்தான் வரம். கதவைக் கடல் பார்க்க நிறுத்தினால் கம்பமும் கட்டடமும் இல்லாத அடிவானம் கிடைக்கும். தென்காசி போல மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்கு மாலை நல்லது. சூரியன் மலைக்குப் பின்னால் முன்னதாகவே மறைந்துவிடும், வானமோ வெளிச்சமாகவே இருக்கும். அந்த மென்மையான நேரம் அவர்களுக்கு நீளம்.

மேகமூட்டமான நாள் முழுவதும் வானமே பெரிய வெள்ளைத் துணிதான். வானத்தைப் படத்தில் அதிகம் காட்டாமல் எடுங்கள்.

நண்பகலைத் தவிருங்கள். ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் சென்னையில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. கூரையும் பானெட்டும் வெளுத்து, பக்கவாட்டு முழுக்க நிழலில் கிடக்கும். வேறு வழியே இல்லை என்றால் பெரிய கட்டடத்தின் நிழலுக்குள் காரை முழுவதுமாக நகர்த்துங்கள். பாதி வெயில், பாதி நிழலாக நிறுத்தக் கூடாது. வெள்ளைத் துணிப் பந்தலும் நன்றாக உதவும். வண்ணத் துணி சாமியானா வேண்டாம், அதன் சாயம் கூரையில் ஏறிவிடும்.

பொலரைசர் ஃபில்டர்

கார் படத்துக்கு ஒரே ஒரு ஃபில்டர் வாங்குவதென்றால் வட்டப் பொலரைசர் வாங்குங்கள். அதைச் சுழற்றும்போது விண்ட்ஷீல்டில் தெரியும் வானமும் பானெட்டில் தெரியும் மரமும் மங்கி, உள்ளே இருக்கும் நிறம் வெளிவரும். பரப்போடு சுமார் 35 டிகிரி சாய்வில் பார்க்கும்போது விளைவு அதிகம். ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தை அது விழுங்கும் என்பதால் ட்ரைபாட் நல்லது.

அதன் எல்லைகளையும் தெரிந்துகொள்ளுங்கள். பொலரைசர் கண்ணாடியிலும் பெயின்ட்டின் பூச்சிலும் வேலை செய்யும், குரோமியத்தில் செய்யாது. 2014-இல் உற்பத்தி நின்ற அம்பாசிடரின் பழைய குரோம் பம்பரில் உங்கள் உருவம் விழுந்தால் நீங்கள்தான் நகர வேண்டும். பானெட்டுக்குப் பொருந்தும் சுழற்சி கதவுக்குப் பொருந்தாது. கேமராவை அசைக்காமல் சுழற்சியை மாற்றி இரண்டு மூன்று படம் எடுத்து, பிறகு எடிட்டிங்கில் சேர்ப்பதே தொழில்முறை வழக்கம். பின்பக்கக் கண்ணாடியில் திட்டுத்திட்டாக ஏதாவது தெரிந்தால் பதற வேண்டாம். சூடாக்கிக் குளிர்வித்துக் கடினமாக்கிய கண்ணாடியின் உள் அழுத்தத்தைப் பொலரைசர் காட்டுகிறது. கொஞ்சம் திருப்பினால் குறையும்.

எல்லாப் பிரதிபலிப்பையும் துடைத்தெடுத்துவிடாதீர்கள். கதவின் மேல்மடிப்பில் ஓடும் ஒளிக்கோடு போய்விட்டால் கார் தட்டையாகிவிடும்.

நிறத்துக்கு ஏற்ற கணக்கு

வெள்ளைக் காரைக் கேமரா சாம்பலாக்கப் பார்க்கும். அரை முதல் ஒரு ஸ்டாப் வரை கூட்டுங்கள். ஹிஸ்டோகிராம் வலது சுவரில் முட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளையில் மடிப்புகள் எளிதில் கரைந்துவிடும் என்பதால் கதவின் கீழ்ப்பாதியில் இருண்ட தரையோ மரவரிசையோ பிரதிபலிப்பது நல்லது.

கருப்புக் கார் இதற்கு நேர்மாறு. அதற்கென்று நிறமே இல்லை, சுற்றுப்புறம்தான் அதன் நிறம். ஒரு ஸ்டாப் வரை குறைத்து, நீளமான ஒளிக்கோடு ஒன்று விளிம்பில் ஓடுமாறு அமைத்தால் போதும். தூசியும் துணி தேய்த்த வட்டக் கீறல்களும் இதில்தான் அதிகம் தெரியும். சிவப்பில் சிவப்புச் சானல் மட்டும் தனியாக வெடித்துவிடும் என்பதால் கொஞ்சம் குறைத்து, ரா ஃபைலாக எடுங்கள். வெள்ளி, சாம்பல் நிறங்கள் வானத்தின் நிறத்தை வாங்கிக்கொள்ளும். அந்தி அவற்றுக்கென்றே அமைந்தது.

ஒரு மாலை, வரிசையாக

நவம்பர் மாதம், சென்னைப் பக்கம், அஸ்தமனம் 5:40 என்று கொண்டு ஒரு திட்டம்:

4:30 – காரை நிறுத்துங்கள். கதவு மேற்கைப் பார்க்கட்டும். துடைக்கத் தொடங்குங்கள்.
5:00 – உட்புறமும் நெருக்கமான படங்களும். ஸ்டியரிங் நேராக, சீட்டுகள் ஒரே வரிசையில், பெல்ட்டுகள் மடங்காமல் இருக்கட்டும். பின் சீட்டின் நடுவிலிருந்து டேஷ்போர்டை எடுக்க 16 முதல் 24 மி.மீ. லென்ஸ் வேண்டும்.
5:25 – பொன்வெயிலில் முன், பின் முக்கால் கோணங்கள்.
5:45 – ட்ரைபாடில் முக்கியப் படங்கள். ஐ.எஸ்.ஓ. 100, எஃப்/8. ஏறக்குறைய 1/8 வினாடியில் தொடங்கும் ஷட்டர், ஆறு மணி வாக்கில் இரண்டு வினாடியைத் தொடும்.
5:55 – பார்க்கிங் விளக்கைப் போடுங்கள். வானமும் விளக்கும் ஒரே அளவில் தெரியும் நேரம் சில நிமிடங்களே. எல்.இ.டி. விளக்குகள் வேகமாக அணைந்து எரிபவை என்பதால் 1/60-ஐவிட வேகமான ஷட்டரில் இருண்டு போகலாம். மெதுவான ஷட்டரே இங்கு ஏற்றது.
6:15 – முழு இருட்டு. எல்.இ.டி. குழல் விளக்கால் வரையும் நேரம்.

கடைசியில் சொன்னதற்கு ஐ.எஸ்.ஓ. 100, எஃப்/11, ஷட்டர் 15 வினாடி. கருப்பு உடை அணிந்தவர் குழல் விளக்கைக் கூரைக்குச் சற்று மேலே, காருக்கு இணையாகப் பிடித்து, ஹெட்லைட்டிலிருந்து டிக்கி வரை நிற்காமல் நடக்க வேண்டும். விளக்கின் முகம் காரைப் பார்க்கட்டும், கேமராவைப் பார்க்கக் கூடாது. கூரைக்கு ஒரு படம், பக்கவாட்டுக்கு ஒரு படம், வீல்களுக்கு ஒரு படம் என்று தனித்தனியாக எடுத்து, எடிட்டிங்கில் லைட்டன் முறையில் அடுக்குங்கள். பட்டறை மேஸ்திரியின் டியூப்லைட் கோட்டை நீங்களே வேண்டிய இடத்தில் வரைகிறீர்கள்.

ஓடும் கார்

ஓடும் காரை 1/1000 வினாடியில் எடுத்தால் வீல் உறைந்து, கார் நின்றதுபோல் தெரியும். 1/60-இல் தொடங்கி, காரோடு சேர்ந்து இடுப்பைத் திருப்பிக்கொண்டே எடுங்கள். கைவந்ததும் 1/30-க்கு இறங்கலாம். பழகுவதற்கு ஏற்ற இடம் பந்தயத் தடம். ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் இருக்கும் தடத்தில் போட்டி நடக்கும் நாள்களில் பார்வையாளர் பகுதியிலிருந்தே பயிற்சி செய்யலாம். பொதுச்சாலையில் இன்னொரு வண்டியின் ஜன்னல் வழியே உடலை நீட்டி எடுப்பதை யார் செய்து காட்டினாலும் நீங்கள் செய்யாதீர்கள்.

விளம்பரங்களில் தெரியும் அதிவேகப் படங்கள் பலவும் நடை வேகத்தில் எடுத்தவை. காரில் நீளமான கம்பியைப் பொருத்தி, அதன் நுனியில் கேமராவை வைத்து, காரை மெல்லத் தள்ளிக்கொண்டே ஒன்றிரண்டு வினாடி ஷட்டரைத் திறப்பார்கள். கம்பியை எடிட்டிங்கில் நீக்கிவிடுவார்கள்.

ஷட்டரை அழுத்தும் முன்

• காரைக் கழுவி, மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். கதவிடுக்கு, வீல் உட்புறம், கிரில் மறக்க வேண்டாம்.
• வீல் நடுவில் உள்ள லோகோ நிமிர்ந்து நிற்கும்வரை காரை ஓரடி நகர்த்துங்கள்.
• ஜன்னல்கள் எல்லாமே மூடியிருக்கட்டும், அல்லது எல்லாமே திறந்திருக்கட்டும்.
• விற்பனைக்கான படமானால் டேஷ்போர்டு பொம்மை, எலுமிச்சை-மிளகாய், டோல் ரசீது ஆகியவற்றை எடுத்துவிடுங்கள். ஆயுத பூஜையில் வைத்த சந்தனப் பொட்டு காய்ந்திருந்தால் ஈரத்துணியால் மெதுவாக ஊறவைத்துத் துடையுங்கள், சுரண்டினால் கீறல் விழும். புதுக் கார் எடுத்த நாளில் மாலையும் பொட்டும் இருக்கத்தான் வேண்டும். அது அந்தக் குடும்பத்தின் படம்.
• விற்பனைப் படத்தில் கீறலையும் ஒடுக்கையும் மறைக்காமல் தனியாக ஒரு படம் எடுங்கள். வாங்குபவரின் நம்பிக்கை அங்கிருந்து தொடங்குகிறது.
• வெளியிடும் முன் நம்பர் பிளேட்டை மறையுங்கள்.

பயிற்சி

வீட்டில் இருக்கும் காரையோ, பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டு அவருடைய காரையோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் நிறுத்தி, அஸ்தமனத்துக்கு அரை மணி முன்பிருந்து இருட்டும் வரை, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அதே கோணத்தில் படம் எடுங்கள். அடுத்த மாலை அதே இடத்தில் நேரத்தை மாற்றாமல் உயரத்தை மட்டும் மாற்றுங்கள்: நின்று, முழங்காலிட்டு, உட்கார்ந்து. மூன்றாம் மாலை தூரத்தை மாற்றுங்கள்: 3 மீட்டர், 7 மீட்டர், 14 மீட்டர். படங்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் கதவில் என்னென்ன தெரிகிறது என்று எழுதுங்கள். அந்தப் பட்டியலில் உள்ளவை ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்து விழுந்தன என்று உங்களால் கைநீட்டிக் காட்ட முடிந்தால் அடுத்த அத்தியாயத்துக்குப் போகலாம். முடியாவிட்டால் மறுநாள் மாலையும் அதே காரிடம் போங்கள். இந்தக் கலையில் மற்ற எல்லாமே இதன்மேல்தான் நிற்கின்றன.